வடித்த தண்ணீர்

என் கடையில் உறைந்த பட்டாணி வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், தேதியைப் பார்ப்பார்கள். காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்து வாங்கியவர் ஒரே ஒருவர்தான். ஃப்ரீசர் மூடியைத் தூக்கி ஒரு பாக்கெட்டை எடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு காதோரம் வைத்துக் குலுக்குவார். கலகலவென்று உதிரியாகச் சத்தம் வந்தால் அது கூடைக்குள் போகும். சத்தமே இல்லாமல் செங்கல் மாதிரிக் கட்டியாக இருந்தால் என் மேஜைமேல் வந்து விழும்.

"இது நடுவுல எந்திரிச்சு மறுக்காப் படுத்ததுங்க தம்பி" என்பார்.

வழியில் எங்கோ ஐஸ் உருகி, திரும்ப உறைந்த பாக்கெட் என்று அதற்கு அர்த்தம். சொல்வதை மெதுவாகவும் சொல்ல மாட்டார். கடையில் நிற்கிற நாலு பேருக்கும் கேட்கும். அப்புறம் அந்த நாலு பேரும் ஆளுக்கொரு பாக்கெட்டைக் காதில் வைத்துக் குலுக்க ஆரம்பிப்பார்கள். வியாபாரம் பண்ணுகிறவனுக்கு இதைவிட வேறென்ன தலைவலி வேண்டும்?

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஏற்காட்டில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. சத்துக்கா என்றால் தெரியும். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ரிட்டயர் ஆனவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்களாம். காயைக் கழுவிவிட்டு நறுக்கு, நறுக்கிவிட்டுக் கழுவாதே. மூடி போட்டு வேகவை. வெந்த தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கிறது. கூட வந்தவர்கள் பயிற்சி முடிந்து பஸ் ஏறும்போதே அதை மறந்திருப்பார்கள். இவர் மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் பத்துக் கட்டளைகளோடு இதைப் பதினோராவதாகச் சேர்த்து வைத்திருந்தார் என்று நான் கேலி செய்வதுண்டு.

வீட்டுக்காரர் கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ஆள்கணக்கு எழுதியே வாழ்நாளைக் கழித்ததாலோ என்னவோ, பேச்சு குறைவு. பிள்ளைகள் இல்லை. வேலைக்காலம் முடிந்ததும் கிளியூர் போகிற வழியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு காஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் என் வேனில்தான் போகும்.

காய்களுக்கு அக்கா மார்க் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் மழைக்கு என் கடையில் ஒதுங்கியவர், ஃப்ரீசர் மேல் கையூன்றிக்கொண்டு முழுப் பாடத்தையும் நடத்திவிட்டார்.

"செடியில பறிச்சு நேரா சட்டிக்கு வந்தாத்தானுங்க மொத மார்க்கு. அது நமக்கு எங்க கெடைக்குது? ஊட்டியில பறிச்சு, சேலத்துல எறக்கி, மூட்டைக்குள்ள வெந்து, பஸ்சுல ஏறி மலைக்கு வாரதுக்குள்ள அதுல என்னங்க மிச்சமிருக்கும்? இந்த ஐஸ் பட்டாணி அப்படியில்லைங்க. பறிச்ச சூட்டோட வெந்நியில ஒரு முக்கு முக்கித் தூங்க வெச்சது. நாம எழுப்புனா அன்னிக்குப் படுத்த மாதிரியே எந்திரிக்கும்."

"அப்போ டின்?"

அவர் முகம் சுருங்கியது. என் அலமாரியில் காளான், பேபிகார்ன், பீன்ஸ், பட்டாணி என்று டின்கள் வரிசையாக நின்றன. ஹோட்டல்காரர்களும் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களும் வாங்குவது.

"அடைக்கறதுக்கு முன்னாடி ஒரு வேக்காடு, அடைச்ச பொறவு ஒரு வேக்காடு. சி வைட்டமினு அந்தச் சூட்டுலயே நொம்பப் போயிரும். தண்ணியில கரையற சத்து பாதி அந்த டின்னுத் தண்ணிக்குள்ள எறங்கீரும். உப்பு வேற. மூடியத் தெறந்ததும் நீங்க என்னங்க பண்றீங்க? தண்ணியத்தான் மொதல்ல சாய்க்கறீங்க. அப்பறம் சக்கையத் திங்கறீங்க."

"அதில் ஒண்ணுமே இல்லையாக்கா?"

கொஞ்சம் யோசித்தார். எதிரிக்கும் நியாயம் பேசுகிற குணம் அவரிடம் உண்டு.

"நார்ச்சத்து இருக்கும். கேரட்டுல கண்ணுக்கான சத்து பெருசாப் போகாது. தக்காளி டின்னு நல்லதுன்னே சொல்லுவேன். பொய் சொல்லக்கூடாதுங்கள்ல."

கைக்குழந்தையோடு சுற்றுலா வந்த ஒரு பெண் பீன்ஸ் டின்னைக் கையில் எடுத்தபோது, "கண்ணு, இத வெச்சுப்போட்டு அந்த ஐஸ் பாக்கெட்ட எடு சாமி" என்று பிடுங்கியே வைத்துவிட்டார். அந்தப் பெண் பயந்துபோய் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வெளியேறினாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டின்னை யாரும் வாங்காவிட்டால் நான் கட்டிக்கொண்டு அழவா?" என்று கேட்டேன். "பைனாப்பிள் டின்னு வித்துக்குங்க. அது பண்டமுங்க, காயில்லை" என்று சமாதானம் சொன்னார்.

அந்த வருடம் மழை பலமாகப் பிடித்தது. கொண்டை ஊசி வளைவொன்றில் மரம் விழுந்து பாதையும் போயிற்று, கரண்ட்டும் போயிற்று. மறுநாள் மத்தியானம் என் ஃப்ரீசருக்குள் பட்டாணியெல்லாம் வியர்த்துக்கொண்டு கிடந்தது. கரண்ட் வந்ததும் திரும்ப உறைந்துகொள்ளும் என்று நான் கணக்குப் போட்டேன். அக்கா வந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார், என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மறுக்காப் படுக்க வுடாதீங்க தம்பி. சில்லுன்னு இருக்கறப்பவே வயித்துக்குள்ள போயிறணும்" என்றார்.

சர்ச்சிலிருந்து, அசன விருந்துக்குச் சமைக்கிற பெரிய பாத்திரம் வந்தது. கடை வாசலில் தார்ப்பாய் கட்டி அடுப்பு மூட்டினார். கீழே இறங்க முடியாமல் நின்ற ஜீப் டிரைவர்கள், பஸ் கண்டக்டர், டூரிஸ்ட்டுகள் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. உதவிக்கு வந்த மஞ்சக்குட்டை ஜீப் டிரைவர், பட்டாணி வெந்ததும் பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடிக்கப் போனார்.

"கொட்டாதீங்க!"

அக்கா போட்ட சத்தத்தில் டிரைவர் பாத்திரத்தை அப்படியே நிமிர்த்திவிட்டார்.

"தண்ணியக் கொட்டற கைய என்னங்க பண்றது? உசுரே அதுலதான இருக்குது" என்று வாங்கி, அந்தத் தண்ணீரிலேயே குருமாவைக் கூட்டினார்.

முதல் கரண்டித் தண்ணீரை மட்டும் ஒரு டம்ளரில் எடுத்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ரைட்டரிடம் கொடுத்தார். அவர் தலையைக் குனிந்தபடி குடித்தார். "ரைட்டரய்யாவுக்கு மட்டும் தனிக் கவனிப்பு" என்று டிரைவர்கள் சிரித்தார்கள்.

"எனக்கு ஊட்டுல தெனமும் இதேதானுங்க. இன்னிக்கு ஊரே மாட்டிக்கிச்சு" என்றார் ரைட்டர்.

அவர் அவ்வளவு பெரிய வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றுதான். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து ரைட்டருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சர்க்கரை வெகுநாளாகவே இருந்தது. அது சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்றார்கள். வாரந்தோறும் மலை இறங்கி, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். காலைப் பஸ்ஸில் இருவரும் போவதையும், சாயங்காலப் பஸ்ஸில் அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி வருவதையும் கடையிலிருந்தே பார்ப்பேன்.

ஒருநாள் அக்கா கடைக்கு வந்து ஃப்ரீசரைத் திறக்காமல் நின்றார். டின் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில என்ன சாப்பிடோணும்னு சொல்றதுக்குன்னே ஒரு புள்ள இருக்குதுங்க. அது சொல்லுது, பொட்டாசியம்னு ஒண்ணு இருக்குதாம். அதும் சத்துதானாம். உங்களுக்கும் எனக்கும் வேணுமாம். இவருக்கு கிட்னி அத வெளிய தள்ள மாட்டேங்குதாம். ஒடம்புல சேந்துபோச்சுன்னா நெஞ்சே நின்னுபோயிருமாம்."

"அதுக்கு என்ன பண்ணச் சொன்னாங்கக்கா?"

"காயப் பொடிசா அரிஞ்சு, நெறையத் தண்ணியில வேக வெச்சு, தண்ணிய..." என்று நிறுத்தினார். "வடிச்சுக் கொட்டிப்போடணுமாம்."

டின் அலமாரியைக் கையால் காட்டினார்.

"அவசரத்துக்கு டின்னு காய் குடுத்தாக்கூடத் தேவலையாமுங்க. உப்பில்லாததாப் பாத்து, தண்ணிய வடிச்சு, நல்லாக் கழுவிக் குடுக்கலாமாம். பச்சைக் காயவிட, ஐஸ் காயவிட, அதுல அந்தப் பொட்டாசியம் கம்மியாம். என்கிட்டயே சொல்லுதுங்க தம்பி."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அன்று அவர் எதுவும் வாங்காமல் போனார்.

ஆனாலும் சொன்னதைச் செய்தார். இளநீர், கீரை, வாழைப்பழம் எல்லாம் அந்த வீட்டை விட்டுப் போயின. காயைக் கடுகு மாதிரி அரிந்து வேகவைத்தார். ரைட்டர் ஒரு பேச்சும் பேசாமல் அதைச் சாப்பிட்டார். நாளாக ஆக அவர் இளைத்துக்கொண்டே போனார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. பார்க்கிறவர்களெல்லாம் அக்காவிடம் அதையே சொன்னார்கள். ஊர்ப் பிள்ளைகளின் கன்னத்தைத் தேற்றி அனுப்பியவரிடம் போய், வீட்டுக்காரர் வற்றிப்போய்விட்டாரே என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் அக்காவிடமிருந்து போன். ரைட்டருக்குக் கை கால் தூக்கவே முடியவில்லை, நெஞ்சுக்குள் என்னவோ தவ்வித் தவ்வி அடிக்கிறது என்றார். வேனை எடுத்துக்கொண்டு போனேன். வெளியே ஒரே பனிமூட்டம். ஹாரன் அடித்துக்கொண்டே ஒவ்வொரு வளைவாக இறங்கினேன். பின்னால் அக்கா அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார். அடிவாரம் வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சேலம் ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, நல்ல வேளை கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அக்கா வாத்தியாரிடம் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். பொடிசாக அரிந்தது, நிறையத் தண்ணீரில் வேகவைத்தது, ஒரு சொட்டு விடாமல் வடித்தது.

"எல்லாம் சரியாத்தானேம்மா செஞ்சிருக்கீங்க" என்று டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். அப்புறம் கேட்டார். "வடிச்ச தண்ணிய என்ன பண்ணினீங்க?"

"சோறு வேக வெச்சேனுங்க."

"யாருக்கு?"

"இவருக்குத்தானுங்க. சோறு சாப்பிடலாம்னு நீங்கதான சொன்னீங்க."

டாக்டர் அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். காயிலிருந்து எதை வெளியே எடுக்கச் சொன்னோமோ அதெல்லாம் அந்தத் தண்ணீரில் இருந்தது, சோறு அதை முழுசாகக் குடித்துக்கொண்டது என்று விளக்கினார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "காயிலதான கெடுதி இருக்குதுன்னீங்க சார். தண்ணியில எறங்கறது நல்லதுங்க. நல்லது மட்டுந்தான சார் எறங்கும்?"

"இவருக்கு அந்த நல்லதுதாம்மா ஆகாது" என்றார் டாக்டர்.

எனக்கு அந்த நிமிஷம் அக்காமேல் கோபம் வந்தது, உண்மைதான். படித்துப் படித்துச் சொல்லியும் இப்படியா என்று நினைத்தேன். ஆனால் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கண்டபோது கோபம் போய்விட்டது. வாழ்நாள் முழுக்கச் சரியாக இருந்த ஒன்று, அவருக்குச் சொல்லாமலேயே தப்பாகிப் போயிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ரைட்டர் கண் விழித்தார். அக்கா எதையும் மறைக்கவில்லை. "நாந்தானுங்க பண்ணிப்போட்டேன். அந்தத் தண்ணியிலதான் உங்களுக்குச் சோறாக்குனேன்" என்றார்.

ரைட்டர் அக்கா பக்கம் தலையைத் திருப்பினார்.

"அதான் பாத்தேன். சோறு மட்டும் எப்படி ருசியா இருக்குதுன்னு."

அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் டீ வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கடைக்கு வந்தவர் நேராக டின் அலமாரிக்குப் போனார். பட்டாணி டின் ஒன்றை எடுத்து, பழக்கத்தில் காதில் வைத்துக் குலுக்கினார். உள்ளே தண்ணீர் மட்டும் களக் என்றது.

"உப்பில்லாதது வாங்கிப் போட முடியுங்களா தம்பி?"

"அக்கா, நீங்க டின்னா?"

"ஐஸ் பட்டாணிய எதுக்கு நல்லதுன்னு சொன்னேன்? எல்லாம் உள்ளயே பத்தரமா இருக்குதுன்னுதான. அதே தானுங்க இப்ப ஆகாது. அத வேக வெச்சாலும் தண்ணிய நாந்தான் வடிக்கோணும். என் கை பேச்சுக் கேக்காதுங்க. சாய்க்கப் போனாப் பாத்தரம் தானா நிமிந்துக்குது." டின்னை மேஜைமேல் வைத்தார். "இது எவனோ வேக வெச்சது. எவனோ எறக்குன தண்ணி. கண்ண மூடீட்டு ஊத்தீருவேன்."

உப்பில்லாத டின்னுக்கு நான் சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எப்போதாவது கிடைக்கும், பல நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் அவரே வேகவைத்து அவரே வடித்தாக வேண்டும். அதற்கு அந்த வீட்டில் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள் என்பது சிலிண்டர் கொண்டுபோனபோது எனக்குத் தெரிந்தது. சமையல்கட்டு வாசலில் ரைட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். காய் வெந்து அடுப்பு அணைந்ததும் அவர் அதில் உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்துக் கேட்பார்.

"ஊத்தியாச்சா புள்ள?"

உள்ளே சத்தமே இருக்காது. பிறகு தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும்.

"ஆச்சுங்க."

ஆள்கணக்கு முடித்தவர் போல ரைட்டர் தலையசைத்துவிட்டு எழுந்து போவார். தினமும் இரண்டு வேளை இது நடந்தது. ஊற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வதாக அக்காவே ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அப்படியே காலம் கொஞ்சம் ஓடியது. டாக்டர் நினைத்ததைவிட அதிகமாகவே ஓடியது என்றார்கள். ஒரு மாசி மாதத்துக் காலையில், பஸ்ஸுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த ரைட்டர் கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. காபி பூக்கிற பருவம். சர்ச்சுக்குப் பின்னால் சரிவில் இருக்கிற கல்லறைத் தோட்டம் வரைக்கும் அந்த வாசனை வந்தது. அக்கா அழவில்லை. வந்தவர்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சமையல்கட்டு வாசல் நாற்காலியில் யாரோ உட்காரப் போனபோது மட்டும், "அங்க வேண்டாமுங்க" என்றார்.

அதற்குப் பிறகு வெகுநாள் அவர் கடைக்கு வரவில்லை. ஒருநாள் வந்தார். ஃப்ரீசரைத் திறந்தார். பட்டாணிப் பாக்கெட்டைக் காதில் வைத்துக் குலுக்கினார். அந்தக் கலகலச் சத்தத்தைக் கேட்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. பழைய அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். சிலிண்டரும் வேண்டுமென்றார். வேனிலேயே அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

சிலிண்டரை மாட்டிவிட்டுக் கிளம்பியவனை, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நிறுத்திவிட்டார். பட்டாணி வேகிற வாசனை வந்தது. நான் சமையல்கட்டுக்குள் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தேன். மழை பற்றி, புதிதாக வந்திருக்கிற ஹோம்ஸ்டே பற்றி என்னவோ பேச்சு. அடுப்பை அணைத்தார். பேசிக்கொண்டே இரண்டு கையாலும் துணி வைத்துப் பாத்திரத்தைத் தூக்கினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தார்.

"அக்கா, தண்ணி!" என்று கத்திவிட்டேன்.

அதற்குள் முழுவதும் போய்விட்டது. தொட்டியிலிருந்து ஆவி மேலே வந்துகொண்டிருந்தது. பாத்திரத்தின் அடியில் பட்டாணி மட்டும் கிடந்தது. எனக்கும் அவருக்கும் அந்தத் தண்ணீர் ஆகும், தாராளமாக ஆகும். இனி அதைக் கொட்ட வேண்டிய அவசியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

அக்கா பாத்திரத்தை மேடைமேல் வைத்தார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பத்தானுங்க தம்பி இந்தக் கை பேச்சுக் கேக்குது" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அழுதுகொண்டே வாசல் பக்கம் திரும்பினார். பிளாஸ்டிக் நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது.

"ஆச்சுங்க" என்றார்.